நான்காம் கம்ப்யூட்டரின் அழைப்புமணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பட்டப்பகலில், மதியம் 1:20க்கும் 2:00க்கும் நடுவில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நான் ஒரு டயாலிசிஸ் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மொத்தம் பதினொன்று. அவற்றின் பிரவுசர்களில் ஆளாளுக்கு ஒட்டிவைத்த குட்டி மென்பொருள்கள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள், அறுபத்து மூன்று இருந்தன. எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் நீக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. கையால் செய்யத் தேவையில்லை. புதிதாக ஒரு ஏஐ ஏஜென்ட் கொடுத்திருந்தார்கள். அதுவே ஒவ்வொரு பிரவுசராகத் திறந்து "நீக்கலாமா?" என்று கேட்கும். நான் "சரி" என்று தட்டினால் நீக்கிவிடும். கேள்வி, பதில் எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

பன்னிரண்டு முறை "சரி" தட்டினேன். பசி வயிற்றைக் கிள்ளியது. "இனிமேல் என்னைக் கேட்காதே. எல்லாவற்றையும் நீக்கு" என்று எழுதிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். இந்த வேலையில் இருக்கும் சோம்பேறிகள் எல்லோரும் செய்யும் தப்புதான். அப்போது 1:31. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முன்னறையில் நான் மட்டும்தான்.

1:40. ஏஜென்ட் நின்றுவிட்டது. அறுபத்திரண்டு போயிருந்தது. நான்காம் கம்ப்யூட்டரில் ஒன்று பாக்கி. பெயர், அழைப்புமணி.

அது மஃப்ளர் அண்ணன் செய்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர். ஏசி குளிர் தாங்காமல் எந்நேரமும் கழுத்தில் மஃப்ளர், நெற்றியில் தைலம். தினமும் காலையில் அன்றைய நோயாளிகளின் பெயரையும் வீட்டார் போன் நம்பரையும் அதில் தன் கையாலேயே தட்டிவைப்பார். ஆள் வந்ததும் பெயரை நீக்கிவிடுவார். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒருவர் வரவில்லை என்றால் அது அடிக்கும். இப்போதிருக்கும் புது மென்பொருளோ, வராத ஆளை "ரத்து" என்று போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும்.

அண்ணன் இறந்து எட்டு மாதம். பெயர் தட்ட ஆளில்லை. அதன்பிறகு அது ஒருநாளும் அடித்ததில்லை.

பதிவேட்டைப் பார்த்தேன்.

"அழைப்புமணி. நீக்கலாமா?"

"வேண்டாம்."

நான் தட்டவில்லை. என் கையில் ஸ்பூன் இருந்தது. கேட்காதே என்று சொன்ன பிறகு அது யாரைக் கேட்டது?

மறுபடி நீக்கச் சொன்னேன். 1:42, நீங்கியது. 1:43... திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வரும். நேரே நான்காம் கம்ப்யூட்டரிடம் போனேன். நாற்காலி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. தைல வாசம்...

"போதும்ணே! செத்தும் வேலைய விடமாட்டீங்களா?" என்று கத்தினேன். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி எறிந்தேன்.

1:45.

டிங்...

டிங்...

டிங்...

திரையில் ஒரே ஒரு பெயர். நாங்கள் கணக்கு டீச்சர் என்று கூப்பிடும் அம்மா. 1:00க்கு வந்திருக்க வேண்டும். போன தடவையும் வரவில்லை. இன்றும் ரத்தம் சுத்தம் செய்யாவிட்டால் உயிர் தங்காது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

உடனே அந்த நம்பருக்கு அடித்தேன். அவர் மகன் எடுத்தார்.

"அம்மா அங்கதானே இருக்காங்க?"

"இல்ல. வீட்டுக்கு ஓடுங்க. உடனே!"

குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். 2:40க்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார்.

"அது ஒண்ணு மட்டும் ஏன்மா இருக்கு? தூக்கிடுங்க."

"மாட்டேன் சார். வேணும்னா என்னைத் தூக்குங்க."

இரண்டு நாள் கழித்து டீச்சரின் மகன் நன்றி சொல்ல வந்தார். போகும்போது வாசலில் நின்றார்.

"மேடம், என் நம்பர் உங்களுக்கு யார் குடுத்தா?"

"ஏன்?"

"அன்னைக்குக் காலையிலதான் புதுசா வாங்கினேன். அம்மாவுக்கே இன்னும் சொல்லல."

நான் திரும்பி நான்காம் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

மேனேஜர் விடுவதாக இல்லை. நேற்று மதியம் கேபிளைத் திரும்பச் செருகி, தானே ஏஜென்ட்டை ஓட்டினார்.

"நீக்கலாமா?"

அவர் விரல் போவதற்குள் நான் குறுக்கே புகுந்து தட்டினேன்.

"வேண்டாம்."

ஒரே ஒரு முறைதான் தட்டினேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பதிவேட்டில் இரண்டு "வேண்டாம்" இருந்தது.