பின்னந்தலையில் உல்லன் நூல்

திருவள்ளூர் பஜாரில் கறுப்பு உல்லன் நூல் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. ஃபேன்சி ஸ்டோர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?" என்று கேட்டார். குழந்தை இல்லை, எனக்குத்தான் என்றேன். "உனக்கா? இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்றார். ஸ்வெட்டர் இல்லை, தலைக்கு என்றேன். "குல்லாவா? கொழந்தைக்குக் கறுப்பு ஆவாதும்மா, மஞ்சள் எடுத்துக்கினு போ" என்று மஞ்சள் உருண்டைகளை மேசையில் அடுக்கினார். இல்லாத குழந்தைக்காகப் பத்து நிமிடம் வாதாடி, கறுப்பில் எட்டு உருண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் இப்போது வாழும் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருபது உருண்டை வாங்கினாலும் கடைக்காரப் பெண் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அதுவும் ஒரு குறைதான் என்று அங்கே இருக்கும்போது புலம்புவேன். இங்கே வந்தால் இது. எங்கே போனாலும் எரிச்சல் மட்டும் என்னோடு சரியாக வந்துவிடுகிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே தம்பி மூர்த்திக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டால், மீதி இரண்டும் அவன் அக்காவோ தங்கையோ போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் முதியோர் இல்லத்து வேலையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்தேன். வந்து இறங்கியதும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள். தைராய்டும் அந்த ஊர்த் தண்ணீரும் சேர்ந்து என் முடியை எலி வாலாக்கி இரண்டு வருஷமாகிறது. வீடியோ காலில் எப்போதும் துணியைச் சுற்றிக்கொண்டு சமாளித்திருந்தேன்.

"இன்னாடி இது? தலைய இப்டி வச்சுக்கினு மேடை ஏறுவியா?" என்றாள் அம்மா. "பொண்ணு ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க? என்னமோ பெரிய வியாதின்னு பேசுவாங்க. முடிச்ச உங்க சித்தப்பா பொண்ணு செல்வி கட்டட்டும். அவளும் அக்காதான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். விடியும் முன்பே கம்பெனி பஸ் மணவாள நகர் முனைக்கு வந்துவிடும். ஊத்துக்கோட்டை சாலையின் ஒவ்வொரு பள்ளமும் என் முதுகுக்குத் தெரியும். அப்போது என் ஜடை இடுப்புக்குக் கீழே தொங்கும். அசெம்பிளி லைனில் போடும் குல்லாவுக்குள் அடங்காமல் சூப்பர்வைசரிடம் தினமும் பேச்சு வாங்குவேன். ஷிப்ட் முடிந்து வந்து இந்தத் தம்பிக்குத்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், இவன் சட்டையைத்தான் இஸ்திரி போட்டேன். இப்போது அவனும் அதே தொழிற்பேட்டையில், அதே பஸ்ஸில். அவன் தாலி முடிச்சைச் செல்வி கட்டுவதாம்.

சவுரி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சவுரியைச் செருகுவதற்கும் அடியில் கொஞ்சம் சொந்த முடி கனமாக இருக்க வேண்டும். எனக்கு வைத்த சவுரி இரண்டு அடி நடந்ததும் கழன்று தொங்கியது. அதனால்தான் எஃபுவா சொன்ன வழிக்கு வந்தேன். எஃபுவா என்னோடு வேலை பார்க்கும் கானா நாட்டுக்காரி. மாதம் ஒருமுறை உல்லன் நூலைத் தன் முடியோடு சேர்த்துச் சின்னச் சின்ன ஜடைகளாகப் பின்னிக்கொண்டு ராணி மாதிரி வருவாள். தலையைக் கட்டம் கட்டமாக வகிடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்து முடியின் அடியிலும் நூலை மடித்துக் கொடுத்து, மூன்று கால் பிரித்துப் பின்ன வேண்டும். நுனியில் முடிச்சுப் போட்டு, மெழுகுவத்தியில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும்; பெயர்தான் உல்லன், உள்ளே பிளாஸ்டிக் இழை. சொல்வதற்கு மூன்று வரிதான்.

எஃபுவாவை வீடியோவில் வைத்துக்கொண்டு பீரோ கண்ணாடி முன் உட்கார்ந்தேன். ஃபேனைப் போட்டால் வெட்டி வைத்த நூலெல்லாம் கூடம் முழுக்கப் பறந்தது. நிறுத்தினால் வியர்வை கண்ணில் இறங்கியது. வகிடு எடுக்க வால் சீப்பு வேண்டும் என்றாள். வீட்டில் இருந்தது பேன் சீப்பு. "எப்போதும் கழுத்திலிருந்து ஆரம்பி. யாரும் பார்க்காத இடத்தில் கை பழகட்டும். நெற்றிக்கு வரும்போது அழகாக வந்துவிடும்" என்றாள். நல்ல யோசனை என்று நினைத்தேன். "பின்னுவதற்கு முன்னால் கொஞ்சம் எண்ணெய் வை" என்றும் சொன்னாள்.

கொஞ்சம் எண்ணெய் என்றால் அவளுக்கு விரல் நுனியில் ஒரு பொட்டு. எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைப்பது என்றால் உள்ளங்கை நிறைய ஊற்றி, உச்சியில் அடித்து, காதோரம் வழிந்தால்தான் வைத்ததாகக் கணக்கு. நானும் அப்படியே வைத்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து, கை கடுத்து, கழுத்து ஒடிந்து, தலை முழுவதும் பின்னி முடித்தேன். கடைசி நுனியைக் காட்டும்போது உருகிய நூல் சொட்டி வலது கட்டை விரல் வெந்துபோனது. அம்மா பேனா மையைத் தடவ வந்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது ஒரு ஜடை வழுக்கிக்கொண்டு வந்து வடகறியில் விழுந்தது. அம்மா பூரான் என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்து வந்துவிட்டாள். தலையணையைப் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்பது கிடந்தன. எஃபுவாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையில் கண்ணைக் கிட்டே வைத்து, "ஏன் தலை இப்படி மின்னுகிறது?" என்று கேட்டாள். எண்ணெய் என்றேன். அவள் சுருட்டை முடி எண்ணெயோடும் நூலைப் பிடித்துக்கொள்ளும். என் நேர் முடியில் எண்ணெய் இருந்தால் நூல் நிற்கவே நிற்காது. அதுவரை அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பேஜாரு புடிச்ச வேலை. ஊட்டுல கல்யாணத்த வச்சுக்கினு நூலப் பின்னிக்கினு கீறா. பொய் முடி வச்சுக்கினு முடிச்சுப் போடுவாளாம்" என்று அம்மா அடுப்படியில் யாருக்கோ சொல்வது போல எனக்குச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உன் கொண்டைக்குள்ள கீறது மட்டும் யாரு முடிம்மா? பொண்ணு பூ ஜடை தைச்சுக்குமே, அது யாரு முடி? முடிய இன்னொருத்தி தலையிலிருந்து வாங்கினா நல்லது, கடையில நூலா வாங்கினா ஆவாதா?" என்றேன். அம்மா கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. எல்லா ஜடையையும் அவிழ்த்து, மூன்று முறை சீயக்காய் போட்டு எண்ணெயை ஓட்டி, மாடி வெயிலில் காய்ந்தேன். நூலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. திரும்பவும் பஜாருக்குப் போனேன். "கொழந்தைக்கு அளவு சரியா கீதாம்மா?" என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டு ஒரு மஞ்சள் உருண்டையைச் சும்மாவே கொடுத்தார்.

மறுபடியும் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஜடைகள் பிடித்து நின்றன. ஆனால் கல்யாண வீட்டில் யார் உட்கார விடுகிறார்கள்? பந்தக்கால் நட வா, வரிசைத் தட்டுக்குப் பழம் எண்ணு, ஆரணி அத்தை வந்திருக்கிறார், வந்து பேசு. ஒவ்வொரு முறையும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் "எத்தினி வாட்டிடி தலைக்குக் குளிப்ப?" என்று கேட்டார்கள். முகூர்த்தக் காலையில் பின்னந்தலை முழுக்க இறுக்கமான, பளிச்சென்ற ஜடைகள். காதுக்கு முன்னால் உச்சியும் நெற்றியும் அப்படியே கிடந்தன. அங்கே வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அம்மா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டு முழம் மல்லிகையை நூலும் முடியும் சேரும் இடத்தில் குறுக்கே வைத்துக் குத்தினாள். பிறகு, "பின்னாடியே நில்லு. செல்வி கட்டிடுவா" என்றாள். அந்த நிமிடம் அவளை நான் வெறுத்தேன். அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

திருப்பாச்சூர் மண்டபத்தில் மேடையின் ஓரம், குத்துவிளக்குக்குப் பின்னால் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. மூர்த்தி முதல் முடிச்சைப் போட்டான். செல்வி கையை நீட்டினாள். அவன் கயிற்றின் இரண்டு நுனியையும் விடவில்லை.

"எங்கக்கா எங்க?" என்றான்.

"இவ கட்டுவாடா, நேரமாவுது" என்றாள் அம்மா.

"அக்கா வரட்டும். நான் புடிச்சுக்கினு கீறேன்."

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. ஐயர் அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மணப்பெண் குனிந்த தலை குனிந்தபடி இருந்தாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானே போனேன். ஐந்து நாளாக நூலில் முடிச்சுப் போட்டுப் பழகிய கை. இரண்டு முடிச்சும் ஒரே இழுப்பில் விழுந்தன. குனிந்ததில் மல்லிகை சரிந்து பின்னால் போய்விட்டது. வீடியோக்காரரின் விளக்கு நேராக என் உச்சந்தலையில் அடித்தது.

லெஸ்டருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முதலில் தம்பி, நான் முடிச்சுப் போடும் படத்தை அனுப்பினான். எதை மறைக்க அத்தனை பாடுபட்டேனோ, அந்த வழுக்கை வகிடுதான் படத்தின் நடுவில். பின்னிய ஜடை ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் பின்னால். போன வாரம் அம்மா இன்னொரு படம் அனுப்பினாள். மணவாள நகர் வீட்டுக் கூடத்தில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதில் எனக்கு நெற்றி நிறைய, காதை மூடிக்கொண்டு கருகருவென்று முடி. "ஸ்டூடியோக்காரர்கிட்ட சொல்லி முடி போட்டுட்டேன். வர்றவங்கல்லாம் மூர்த்தி அக்கா எவ்ளோ லட்சணம்னு சொல்றாங்க" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நேற்று இடைவேளையில் எஃபுவா என் பின்னால் நின்று ஜடைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். மடியில் இருந்த போனில் அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்து, "இது யார், உன் கசினா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். நம்பவில்லை. முகத்தையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கையைப் பார் என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் வலது கட்டை விரலில் அந்தப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்ல அம்மாவுக்குத் தோன்றவில்லை.