பாய் கழுவித் தந்த மாதுளைத் தோல்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜூஸ் கடை வைத்திருக்கும் பாய், குப்பைக்குப் போகிற மாதுளைத் தோலை எனக்காக ஒரு பையில் எடுத்துவைப்பார்; வாரம் ஒருமுறை போய் வாங்கிவருவேன். அரிப்பும் தடிப்புமாக வரும் சரும நோய்க்கு அதிலிருந்து மருந்து எடுக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒருநாள் பையைத் திறந்தால் சோப்புத்தூள் வாசனை. சோப்பு ஏறிய தோல் ஆய்வுக்கு ஆகாது. கோபமாகக் கடைக்குப் போனேன்.

"என்ன பாய், சோப்பு போட்டா கழுவுனீங்க?"

"ஆமாம்மா. மருந்துக்குப் போவுதுன்னு சொன்னியே, ஈ மொய்ச்சதைக் குடுக்க மனசு வரல. ஒரு வாரமா நானே தேச்சுக் கழுவுறேன்" என்றார் பெருமையாக.

அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். நாளெல்லாம் பழச்சாற்றில் ஊறும் விரல்கள், சோப்புத்தூளும் பட்டு, சிவந்து வெடித்திருந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை.

"உன் மருந்து இதுக்குக் கேக்குமா?" என்றார்.

"அது இன்னும் மருந்தாவல பாய். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம், வாங்க."

"எனக்கு இல்லாட்டி என்னம்மா, யாருக்காவது ஆவட்டும்" என்று சிரித்தார்.

டாக்டர் தந்த களிம்பில் கை ஆறிவருகிறது. ஆய்வேட்டில் 'நோயாளி' என்று எழுதும்போதெல்லாம், யாருக்காகவோ தோல் கழுவிய அந்தக் கைகள்தான் இப்போது என் கண்முன் வருகின்றன.