காப்படி சேவுக்கு எட்டுப் பக்கம்

போலீசுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறவன் புத்தக அட்டையில் தன் படத்தைப் போடச் சொல்வானா? நான் சொன்னேன். மீசையை முறுக்கிவிட்டு எடுத்த படம் வேறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஓர் அயல்நாட்டு எழுத்தாளன். அயல்நாடு என்றால் குமுளி. தோட்டக் கூலிகளைக் கங்காணிகள் படுத்தும் பாட்டைப் பத்திரிகையில் எழுதியதற்கு வாரண்டு பிறந்தது. கம்பத்திலிருந்து மலையேறி, திருவிதாங்கூர் சமஸ்தான எல்லைக்குள் ஓர் ஏலத்தோட்டத்தில் குமாஸ்தாவாகிவிட்டேன். பிறந்த மண்ணைப் பிரிந்தவன் என்று பெருமூச்சு விடுவேன். மலைவிளிம்பில் நின்றால் எங்கள் தென்னந்தோப்பே தெரியும்.

அங்கிருந்து அதே விஷயத்தை முழுப் புத்தகமாக எழுதிக் கீழே அனுப்பினேன். எந்த அச்சாபீசும் தொடவில்லை. கம்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் ஒருவர் மட்டும் துணிந்தார். எட்டெட்டுப் பக்கமாகத் தாள்கள் அச்சாகி அடுக்கியாயிற்று. அட்டையில் என் படத்தை அச்சடிக்க மதுரையிலிருந்து பிளாக் வரவேண்டுமென்று பைண்டிங் மட்டும் நின்றது. அதற்குள் தடை உத்தரவு வந்துவிட்டது. இனி ஓர் ஆளும் என் புத்தகத்தைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்து, கம்பம் சந்தைக்குப் போய்வந்த கூலியாள் ஒருவர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எண்ணெய் ஊறிய தாள் முழுக்க என் எழுத்து. வாரண்டை மறந்து மலையிறங்கி ஓடினேன்.

"என்னண்ணே, என் புத்தகத்தைச் சேவுக்கடையில போட்டுட்டீகளே!"

"கத்தாத தம்பி" என்றார் அச்சாபீஸ்காரர். "போலீசு வந்தாக. புத்தகம் எங்கனன்னு கேட்டாக. இங்கன ஏதுய்யா புத்தகம்னேன். தச்சு அட்டை போட்டாத்தான புத்தகம்? சேவு மடிக்கிற காயிதத்துக்கு யாரு தடை போடுவாக?"

"அதுக்காக..."

"கடைக்காரர்ட்ட சொல்லியிருக்கேன். தோட்டத்துச் சனத்துக்கு மட்டுந்தான். பொட்டலத்துக்கு ஒரு தாளு, கிழிக்கக் கூடாது. காப்படி சேவுக்கு எட்டுப் பக்கம்! ஒம் மூஞ்சிக்குக் காத்துக் கெடந்ததும் நல்லதாப் போச்சு. தச்சிருந்தா அம்புட்டையும் அள்ளிட்டுப் போயிருப்பாக."

என் முகத்தால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனேன். வாசலுக்கு வாசல் பேரம். "எங்கிட்ட ரெண்டாந்தாளு ரெண்டு கெடக்கு, அஞ்சாந்தாளு ஆருட்ட இருக்கு?" எழுத்துத் தெரிந்த ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர். கங்காணியின் தொந்தியைப் பற்றி நான் எழுதியதை மூன்று தரம் படிக்கவைத்துச் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி கையை ஓங்க, "ஓங்குங்க, நீங்களும் தாள்ல வருவீக" என்றாளாம் ஒருத்தி. ஓங்கிய கை இறங்கிவிட்டதாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அங்கே ஒரு பெண், அத்தனை தாள்களையும் வரிசையாக அடுக்கிக் கோணி ஊசியால் தைத்து மடியில் வைத்திருந்தார். முழுப் புத்தகம்! என்னிடமோ ஒரு பிரதிகூட இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டே போனேன்.

"ஆத்தா, இதை எழுதினதே நான்தான். எனக்குக் குடுங்களேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சேவு வாங்குங்க, கெடைக்கும்."