நீலம் போகாத குழாய்

முனியாண்டியின் ரத்தப் பரிசோதனைக்கு நான் பொய்யான முடிவு எழுதினேன். கவனக்குறைவு என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். இல்லை, தெரிந்தே எழுதினேன்.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஜி6பிடி என்ற என்ஸைம் ரத்தத்தில் குறைந்தவர்களுக்கு மலேரியாவுக்கான பிரிமாகுயின் மாத்திரை கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். இன்று மரபணு வரிசையைக் கணினியில் படிக்கும் நீங்கள் இதை எளிதில் கண்டுபிடிப்பீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு நீலச் சாயம். ரத்தக் கரைசலில் அதைக் கலந்து, மேலே பாரஃபின் எண்ணெய் விட்டு, வெதுவெதுப்பான வாட்டர் பாத் தொட்டியில் குழாயை நிறுத்துவோம். நல்ல ரத்தமென்றால் ஒரு மணி நேரத்தில் நீலம் மறைந்து சிவப்பு தெரியும். குறைவென்றால் நீலம் நிற்கும். வெகுநேரம் விட்டால் அதுவும் கரைந்துபோகும்.

வெளியே மழை இறங்கும். தண்ணீருக்குள் குழாய்கள் ஒவ்வொன்றாக நிறம் விடும். எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

மெயின்லேண்ட் கப்பலில் சோதனைக்கான ரசாயன ரீஏஜென்ட் வருவதற்குள் சுற்றி வைத்த ஐஸ் கரைந்து மருந்தின் வலு போயிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ரீஏஜென்ட் கெட்டிருக்கிறதா என்று அறிய குறையில்லாத என் ரத்தத்தையே ஒரு குழாயில், ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக வைப்பேன். அப்படி வைக்கத் தொடங்குமுன் இரண்டு முறை கெட்ட ரீஏஜென்டை நம்பி, நல்ல ரத்தத்தைக் குறைவு என்று எழுதியிருந்தேன். "உன் கை பட்டா எல்லாமே நீலந்தாம்ப்பா" என்று எங்கள் டாக்டர் கேலி செய்திருந்தார்.

முனியாண்டி லம்பா லைன் குடியிருப்பில் இருந்த கொத்தனார், மலேரியாவோடு வந்திருந்தார். அன்று என் குழாயில் நீலம் நேரத்தோடு வெளுத்தது; ரீஏஜென்ட் கெடவில்லை. அவருடையது நீலமாகவே நின்றது. இன்னொரு கேலிக்குப் பயந்து, அது கரையும்வரை காத்திருந்து 'நார்மல்' என்று எழுதினேன். அதை நம்பி டாக்டர் பிரிமாகுயின் கொடுத்தார்.

சில நாளில் அவர் மனைவி பேச்சி ஒரு பாட்டிலோடு வந்தாள். "மூத்திரம் கடுங்காப்பி கணக்கா போகுது சார். கண்ணு மஞ்சளா இருக்கு. டாக்டர் சாகிபக் கூப்பிடுங்க."

டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் கன்ட்ரோல் எப்ப வெளுத்துச்சு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "படு. உன் குரூப்தான் அவருக்கும்" என்றார். என் ரத்தம் ஏறியது, முனியாண்டி பிழைத்தார்.

அதோடு கணக்குத் தீர்ந்ததென்று இருந்திருக்கலாம். முடியவில்லை. லம்பா லைனுக்குப் போய்ப் பேச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். "அவருகிட்ட சொல்லாதீங்க சார். உங்கள சாமின்னு கும்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்றாள். அவரிடமும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவார்.

இந்தக் குறை தாய்வழியே வருவது. அடுத்த மழைக்காலத்தில் அவர் தம்பி கப்பலில் வந்து சேர்ந்து காய்ச்சலில் விழுந்தபோது, பேச்சிதான் அழைத்து வந்தாள்.

"நானும் உக்காந்து பாக்கணும். தள்ளி நில்லுன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

வெளியாட்களை உள்ளே விடும் வழக்கமில்லை. என் ஸ்டூலை அவளுக்குப் போட்டுவிட்டு நின்றேன். எது என் குழாய், எது தம்பியுடையது என்று காட்டினேன். என்னுடையது வெளுத்தது. நேரம் முடிந்ததும் அவள் குனிந்து மற்றதைப் பார்த்தாள்.

"போகல சார்."

"போகல" என்றேன். அவள் பார்த்திருக்கவே 'குறைவு' என்று எழுதினேன். தம்பிக்கு அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லை.

அன்றுமுதல், கேட்கும் வீட்டார் எவரையும் குழாய்க்கு முன்னால் உட்காரவைத்தேன். நான் கற்ற ஒரே பாடம் அதுதான்: கன்ட்ரோலை ஒற்றை ஆளாகப் பார்க்காதே. தம்பியைப் பரிசோதித்த அன்று முனியாண்டி ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மழையில் நின்றிருந்தார். தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். என்னைப் பார்க்கவில்லை.