மால்டா பால்கனிக்கு ஒரு காஞ்சிப் பட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டில், மடியில் தூங்கும் மகளோடு உட்கார்ந்திருக்கிறேன். நெசவுக்கார வள்ளியக்கா சிவப்புப் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுகிறார்.

"யாருக்கும்மா, கல்யாணப் பொண்ணுக்கா?"

"இல்லக்கா. மால்டாவுல எங்க பால்கனியில தொங்கவிட."

"பட்டுப் பொடவைய வெயில்ல காயப் போடவா எடுக்குற? நல்லா இருக்குதும்மா உன் கதை!"

நாங்கள் குடியிருக்கும் மால்டா தீவில் தெருத் திருவிழா வருகிறது. மாதா சிலையைத் தோளில் சுமந்து வரும்போது, வருடம் முழுவதும் அங்கே வாழ்பவர்கள் பால்கனியில் சிவப்புப் பட்டு கட்டுவார்கள். கோடைக்கு மட்டும் வந்து போகிறவர்களை யாரும் கட்டச் சொல்வதில்லை. இந்த முறை பக்கத்து வீட்டு மரியா எங்களையும் கட்டச் சொல்லியிருக்கிறாள்! நினைத்தாலே மனம் துள்ளுகிறது. ஆனால் எனக்குப் பிடித்த புடவையின் கரையெல்லாம் மயில். மாதா ஊர்வலத்தில் யாராவது முகம் சுளித்தால்? அக்காவிடம் ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லி, கரையில்லாததே போதுமோ என்று கேட்கிறேன்.

"சாமி தெருவுல வர்றப்ப மொட்டையாவா கட்டுவ?" என்கிறார் அக்கா.

இரண்டையும் படம் எடுத்து மரியாவுக்கு அனுப்புகிறேன். உடனே பதில் வருகிறது. "மயிலைக் கொண்டு வா. வெறும் சிவப்பு தெரு முழுக்க இருக்கிறது."

நான் சிரித்த சிரிப்பில் மகள் விழித்துக்கொள்கிறாள்.

"வருஷா வருஷம் கட்டுவியாம்மா?" என்று கேட்கிறார் அக்கா. "அப்ப சாயம் கெட்டியா இருக்குறதா பாத்துத் தரேன்."

அங்கேயே இருந்துவிடுவதா, ஊர் திரும்புவதா என்று நானும் கணவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"வருஷா வருஷம்தான்க்கா" என்கிறேன்.