நீச்சல் தெரியாத மீனவன்

பிள்ளைகளே, இராமநாதபுரத்து பிரவுசிங் சென்டரில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். குளிரில் வெளுத்த விரல்களில் ஒன்றால் மட்டுமே தட்டுவார். இணையத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் சிலர் சேர்ந்து கதை எழுதினோம். கதையில் படகு கவிழ்ந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் வீரர்கள். தாமே நீந்திக் கரையேறிவிட்டார்கள். கதை அங்கேயே படுத்துவிட்டது. அவர் மட்டும் தன் மீனவன் மூழ்குவதாக எழுதினார்.

“கடக்கரைக்காரரு நீங்க, உங்க ஆளுக்கு நீச்சல் தெரியாதாண்ணே?” என்று சிரித்தேன்.

“ஏப்பா, எல்லாரும் நீந்திட்டா யாரு யாரத் தூக்குறது? உன் ஆளு கையப் பிடிச்சுக்கிடவா?”

அடுத்தவர் பாத்திரத்தைத் தொடுமுன் எப்போதும் இப்படிக் கேட்பார்.

என் பாத்திரமான படகோட்டி மறுபடி கடலில் குதித்து அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டான். கதை எழுந்து நடந்தது.

திருடன்-போலீஸ் ஆட்டத்தில், “நான் திருடனா இருக்கேன்” என்று உங்களில் ஒருவர் முன்வரும்போதெல்லாம் அந்த ஐஸ் கம்பெனிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.