மஞ்சள் டேக்

என் பையின் ஜிப்பில் ஒரு மஞ்சள் அட்டை தொங்குகிறது. உள்ளங்கை அகலம், மேலே ஓட்டை, அதில் அழுக்கேறிய நூல். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் செய்த பொருளைச் சோதித்துக் கட்டிவிடும் டேக் அது. சிவப்பு கட்டினால் பொருள் குப்பைக்குப் போகும். மஞ்சள் கட்டினால், சரிசெய்து மறுபடி கொண்டுவா என்று அர்த்தம்; கட்டியவரே திரும்பப் பார்த்துக் கழற்ற வேண்டும், வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சொன்னவர், சீன மொழி பி.ஏ.வில் என் பெஞ்சில் உட்கார்ந்தவர். முப்பத்திரண்டு வயதில் வந்து சேர்ந்ததால் வகுப்புக்கே அவர் அக்கா.

வேலப்பன்சாவடி பக்கம் எங்கள் கல்லூரி. நான் சீனம் எடுத்ததற்குப் பெரிய லட்சியமெல்லாம் கிடையாது, பி.காம். சீட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா கதை வேறு. அம்பத்தூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் சோதனை மேசையில் நின்றவர். ஒருமுறை அங்கே மெஷின் மாட்ட வந்த சீனர்களோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண்ணும் வந்திருக்கிறாள். அவள் வாயைத் திறக்கும்வரை மேனேஜரே கைகட்டிக் காத்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார். அடுத்த வருடம் வேலையை விட்டார். படிப்பு முடியும்போது மொழிபெயர்ப்பு வேலை கையில் இல்லையென்றால் மறுபடி சோதனை மேசைதான் என்று மாமியார் கெடு வைத்தே அனுப்பினார்.

வீணாய்ப்போன சிவப்பு டேக்குகளின் முதுகில்தான் அக்கா சீன எழுத்துகளை எழுதிப் படிப்பார். திருநின்றவூரில் ரயிலேறி, ஆவடியில் பஸ் பிடித்து வருவதற்குள் இருபது டேக் முடிந்திருக்கும். சீனத்தில் குரலை ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் அர்த்தமே இருக்கிறது. அக்காவுக்குச் சத்தமாகச் சொன்னால்தான் வரும். ரயிலில் ஒரு பூக்கார ஆயா கேட்டாராம்: "இன்னாம்மே, காத்தாலயே யாராண்ட சண்ட போட்டுகினு வர்ற?" "சைனாக்காரனாண்ட, ஆயா!"

கலாச்சாரத் தாளில் மட்டும் அக்காவுக்கு அரியர்மேல் அரியர். சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாளைப் பற்றிக் கேட்டால், ஆடி அமாவாசையில் ஆரம்பித்து மூன்று பக்கம் ஓட்டுவார். நான் நோட்ஸை அப்படியே கக்கி எண்பது வாங்குவேன். "கேட்டதுக்கு மட்டும் எழுதுக்கா" என்பேன். "போடா, நீ ஒரு ஜெராக்ஸ் மெஷினு" என்பார்.

கடைசி செமஸ்டரில் நசரத்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். இருந்தது ஒரே இடம்; ஒருநாள் சோதனைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். காலை முழுக்க நான்தான் ஹீரோ. போல்ட், வோல்டேஜ் என்று பொளந்துகட்டினேன். அக்கா தடுமாறினார், நெற்றியெல்லாம் வியர்வை. மதியம் புது மெஷினை ஓடவிடுவதற்கு முன் பூஜை. சந்தனம், எலுமிச்சம்பழம் வரைக்கும் சீன இன்ஜினியர் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். பிறகு ஃபோர்மேன், உள்ளே குங்குமம் கரைத்த பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, மெஷினுக்குச் சுற்றி, தரையில் ஓங்கிப் போட்டு உடைத்தார். சிவப்புத் தண்ணீர் இன்ஜினியரின் வெள்ளை ஷூவிலும், மூன்று வாரமாக அவர் தூசுகூடப் படவிடாமல் பார்த்துக்கொண்ட மெஷினின் கால்களிலும் தெறித்தது. மனிதர் கத்த ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். திருஷ்டி என் நோட்ஸில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: கெட்ட கண். இன்ஜினியர் திகைத்துப்போய், போன் டார்ச்சை ஃபோர்மேனின் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா சொன்ன? இந்தாளு ஏன் என் மூஞ்சில லைட் அடிக்கிறாரு?"

அக்கா முன்னால் வந்தார். ஒரு வேஸ்ட் துணியை எடுத்து மெஷினின் கால்களைத் துடைத்தார், பத்து வருடப் பழக்கம். இன்ஜினியர் கத்துவதை நிறுத்தினார். அப்புறம்தான் அக்கா நிதானமாகச் சீனத்தில் கேட்டார்: "உங்க புத்தாண்டுக்கு எதுக்கு வெடி போடுறீங்க? கெட்டது ஓடட்டும்னுதானே? இது எங்க வெடி. உங்க மெஷின் நல்லா ஓடுறதப் பாத்து எவனும் வயிறெரியக் கூடாது." குரல் ஏற்ற இறக்கத்தில் நாலு தப்பு, நான் எண்ணினேன். இன்ஜினியர் எண்ணவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் பிரிக்காத இரண்டாவது மெஷினைக் காட்டி, அதற்குப் பூசணிக்காய் எங்கே என்று கேட்டார்.

வேலை அக்காவுக்குத்தான் என்று சாயங்காலம் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் நான் உம்மென்று நின்றேன். அக்கா பைக்குள் சிவப்பு டேக்குகளைக் கிளறிக் கிளறி, ஒரே ஒரு மஞ்சளைத் தேடி எடுத்து என் ஜிப்பில் கட்டினார். "செவப்புதான் கட்டணும். இன்னிக்கு மாமியார் மூஞ்சியப் பாக்கப் போற குஷில கீறேன், பொழச்சுப் போ."

நாலாவது தடவையில் கலாச்சாரத் தாளையும் தாண்டிவிட்ட அக்கா, இப்போது அந்தச் சீன இன்ஜினியரின் குழுவோடு வடக்கே எங்கோ ஒரு ஊரில் இருக்கிறார். எனக்கும் பூந்தமல்லி பக்கம் வேலை கிடைத்துவிட்டது. போன வாரம் எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. பூஜைக்கு முன்னாலேயே சீன இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டு, வெடிக் கதையைச் சொல்லி, ஷூவைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். பூசணிக்காய் உடைந்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

அன்றைக்கே அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், டேக்கைக் கழற்றலாமா என்று. உடனே பதில் வந்தது. "கைய வெச்சே, ஒதப்பேன். கட்னது நானு. தீபாவளிக்கு வர்றேன், நாலு கேள்வி கேட்டுட்டு நானே கழட்றேன்." நூல் நைந்துபோயிருக்கிறது. பஸ் கூட்டத்தில் அறுந்துவிடப் போகிறதே என்று, பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.